ராப்போஜனத்திலிருந்து நிறுத்தப்பட்டவர்கள்

கிழக்குத் தாம்பரம்
12 ஜனவரி 2025

அன்புள்ள சரசு அத்தைக்கு,

சுஜி ஸ்தோத்திரத்துடன் எழுதுவது. உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? காதுக்குப் புது மெஷின் வைத்தும் போனில் ஒன்றும் பிடிபடவில்லை என்று கிறிஸ்துமஸ் கார்டில் எழுதியிருந்தீர்கள். அதனால்தான் கடிதம். நானும் மகள் ஓவியாவும் சுகம். தம்பி தினகரன் சுகமாக இல்லை.

ஒன்றரை வருடமாகவே அவன் கை தன்னால் ஆடுகிறது. நடக்கும்போது தள்ளாடுகிறான். திருமுடிவாக்கத்தில் அவன் வேலை பார்த்த பட்டறையில், குடித்துவிட்டு மெஷினில் நிற்கிறான் என்று ஆகஸ்டில் நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு அவன் குடித்ததும் உண்மை. உங்களிடம் மறைக்கவில்லை. டிசம்பர் கடைசியில் அவன் மனைவி நிஷா அவனைப் படப்பை தாண்டி இருக்கும் ஒரு குடி மறுவாழ்வு இல்லத்தில் சேர்த்துவிட்டாள்.

சேர்ப்பதற்கு முந்தின வாரம் வீட்டில் விழுந்து தலையில் தையல் போட வேண்டியிருந்தது. ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டாக்டர், நரம்பு வைத்தியம் படிப்பவர், இவன் முகம் கோணுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். "உங்க அப்பா எதுல இறந்தார்? தாத்தா?" என்று கேட்டார். குடும்பத்தில் இறங்கி வரும் வியாதி ஒன்று உண்டாம். குடித்தவன் மாதிரியே இருக்குமாம். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும் என்றார். ஆனால் நிஷா கையெழுத்துப் போடாமல் இல்லத்திலிருந்து அவனை வெளியே விடமாட்டார்கள். அவள் மனம் மாற ஏதாவது ஒரு சாட்சி வேண்டும்.

அப்பா நாற்பத்தொன்பது வயதில் ஸ்டேஷன் படிக்கட்டில் விழுந்து இறந்தார். அவரையும் குடிகாரர் என்றுதான் தெருவில் சொன்னார்கள். ஞானமுத்துத் தாத்தாவைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது. நம் கிருபாபுரம் கோயிலில் அடக்கப் பதிவேடு இருக்குமே, அதில் மரண காரணம் என்று ஒரு கட்டம் உண்டு. தாத்தா பெயருக்கு நேரே என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள். தயவுசெய்து.

அன்புடன்,
சுஜி


கிருபாபுரம்
3 பிப்ரவரி 2025

கர்த்தருக்குள் பிரியமான சுஜிக்கு,

உன் கடிதம் வந்து இரண்டு வாரமாகிறது. நான் சுகம். முழங்கால் இருக்கிறபடி இருக்கிறது. இந்த வருஷம் முருங்கை பூத்ததெல்லாம் உதிர்ந்துவிட்டது.

பாஸ்டர் ஐயா சின்னப் பிள்ளை, புதுசாக வந்தவர். பதிவேட்டைப் போட்டோ எடுக்கக் கூடாது, வேண்டுமானால் உட்கார்ந்து பார்க்கலாம் என்றார். பார்த்தேன். 1964ஆம் வருஷத்துப் பக்கத்தில் என் அப்பா பெயர் இல்லை. முன்னும் பின்னும் இரண்டு வருஷம் புரட்டியும் இல்லை. அந்தக் காலத்தில் எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதமாட்டார்கள். கரையான் வேறு.

தினகரனுக்காக ஜெபிக்கிறேன். குடி பொல்லாதது. நிஷா செய்தது சரி என்றே படுகிறது. அங்கே இருந்து குணமாகட்டும். பழைய புத்தகத்தில் தேடி என்ன ஆகப்போகிறது?

உன் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் எழுத்து கோணல் கோணலாக இருந்தது. மின்சார ரயிலில் உட்கார்ந்து எழுதினாயா? முப்பத்தைந்து வருஷம் பிள்ளைகளுக்குக் கையெழுத்துச் சொல்லிக்கொடுத்தவள், அதனால் கண்ணில் படுகிறது. ஓவியாவுக்கு என் முத்தங்கள்.

உன் அத்தை,
சரோஜினி


கிழக்குத் தாம்பரம்
21 பிப்ரவரி 2025

அன்புள்ள அத்தைக்கு,

ஸ்தோத்திரம். நீங்கள் சுகமாக இருப்பது அறிந்து சந்தோஷம். உங்கள் கண்ணுக்கு வசதியாக இருக்கட்டும் என்று இதை நான் வேலை பார்க்கும் கல்லூரி நூலகத்துக் கம்ப்யூட்டரில் அடித்திருக்கிறேன்.

ஞாயிறு அன்று தினகரனைப் பார்க்கப் போனேன். பதினைந்து நிமிடம், நடுவில் ஒரு மேசை. எட்டு கிலோ இறங்கியிருக்கிறான். சிரித்துக்கொண்டேதான் பேசினான்.

"அக்கா, இங்க எல்லாருக்கும் கை நடுங்குது. குடிய விட்டா மூணாவது வாரம் நின்னுடுமாம். எல்லாருக்கும் நின்னுடுச்சு, எனக்கு மட்டும் நிக்கல. நான் எங்கயோ பாட்டில் வச்சிருக்கேன்னு தலகாணியக் கிழிச்சுப் பாத்துட்டாங்க. பஞ்சுதான் இருந்துச்சு. அதையும் மோந்து பாத்தான் ஒருத்தன்."

பக்கத்தில் நின்ற ஊழியர், "இன்னா மேடம், உங்க தம்பி செம ஆக்ட் குடுக்குறாரு. சாப்புட சொல்ல தட்ட தூக்கி எறிஞ்சிட்டு, கை தானா போச்சுன்றாரு," என்றார். தினகரன் அவரைப் பார்த்து, "சிவாஜி கெட்டாரு போ," என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையை எழுத எனக்குத் தெரியவில்லை, அத்தை. கிளம்பும்போது மெதுவாக, "நான் குடிக்கிறதுக்கு முன்னாடியே கை ஆடிச்சுக்கா. ஆடுறது தெரியக்கூடாதுன்னுதான் குடிச்சேன். குடிகாரன்னா யாரும் காரணம் கேக்க மாட்டாங்கல்ல?" என்றான்.

இங்கே எங்கள் சபை அலுவலகத்தில் வயதான கிளார்க் ஒருவர் இருக்கிறார். தாத்தா பெயர் பதிவேட்டில் இல்லை என்று அவரிடம் சொன்னேன். கரையான் பெயரைத் தேடித் தின்னாது என்று சிரித்தார். பிறகு கேட்டார்: "அப்பமும் திராட்சரசமும் குடுக்காம, ராப்போஜனத்துல இருந்து நிறுத்தி வச்சிருந்தாங்களா? அப்படி நிறுத்தப்பட்டு செத்தவங்களுக்குப் பாஸ்டர் அடக்க ஆராதனை நடத்த மாட்டார். பதிவேட்டுலயும் ஏறாது. ஆனா ஏன் நிறுத்தினாங்கன்னு சபைய நடத்துற சேகரக் கமிட்டியோட நடவடிக்கைப் புத்தகத்துல வரிக்கு வரி எழுதியிருப்பாங்க. அதப் பாக்கச் சொல்லுங்க."

அத்தை, அந்தப் புத்தகத்தைப் பாருங்கள். தாத்தாவை நிறுத்தினார்களா? எதற்கு? இங்கே ஒவ்வொரு ஞாயிறும் அவன் எடை குறைகிறது.

அன்புடன்,
சுஜி


கிழக்குத் தாம்பரம்
25 மார்ச் 2025

அன்புள்ள அத்தைக்கு,

சுகமா? ஒரு மாதமாகப் பதில் இல்லை. உங்களுக்கு உடம்புக்கு ஏதாவதா என்று பக்கத்து வீட்டுச் செல்வம்மாள் அக்காவுக்குப் போன் செய்தேன். தினமும் காலையில் கோயிலுக்குப் போகிறீர்கள், இரண்டு மணி நேரம் கழித்து வருகிறீர்கள் என்றார். அப்படியென்றால் புத்தகம் கிடைத்துவிட்டது.

ஏப்ரல் 11க்கு டிக்கெட் போட்டிருக்கிறேன். நானே வந்து பார்த்துக்கொள்கிறேன்.

சுஜி


கிருபாபுரம்
2 ஏப்ரல் 2025

பிரியமான சுஜிக்கு,

கர்த்தர் உன்னைக் காப்பாராக. நீ வர வேண்டாம். இந்த வெயிலில் வந்து நீயும் படுத்துக்கொண்டால் ஓவியாவை யார் பார்ப்பது? கேட்டதை அனுப்புகிறேன். என் கையாலேயே பார்த்து எழுதியிருக்கிறேன்.

"1931, ஜூலை 19. வேதமாணிக்கம், வயது 42. மேற்படியான் ஆராதனை நேரத்தில் கைகால்களை ஆட்டி, பல்லிளித்து, சபையாருக்கு இடறலுண்டாக்கினபடியாலும், குடிவெறியை விடும்படி மூன்றுமுறை புத்தி சொல்லியும் கேளாதபடியாலும், ராப்போஜனத்திலிருந்து நிறுத்தப்பட்டான்."

"1958, செப்டம்பர் 7. வேதமாணிக்கம் மகன் ஞானமுத்து, வயது 40. தகப்பனைப்போலவே குடித்து, நிலைகொள்ளாமல் நடந்து, ராப்போஜனப் பாத்திரத்தைத் தட்டிக் கவிழ்த்தபடியால் நிறுத்தப்பட்டான். அவன் குடிக்கவில்லையென்று அழுதது கமிட்டிக்கு ஏற்றுக்கொள்ளக் கூடாததாயிருந்தது."

அந்தப் பாத்திரம் கவிழ்ந்தபோது நான் இருந்தேன். ஏழு வயசு. வெள்ளை விரிப்பில் சிவப்பு ஓடினது. அப்பா அதைத் தன் வேட்டியால் துடைக்கப் போனார். துடைக்கவும் கை நிற்கவில்லை. "வெளிய போலே" என்று ஒரு குரல். அதற்குப் பிறகு ஆறு வருஷம் ஞாயிற்றுக்கிழமைகளில் வாசலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பாட்டைக் கேட்பார். செத்ததும் நாங்களே வேலியோரம் குழி வெட்டி அடக்கம் பண்ணினோம். உன் அப்பா ஏசுதாசனுக்கு அப்போது பதினாறு. அன்றைக்குப் பிறகு அவன் எந்தக் கோயில் வாசலையும் மிதிக்கவில்லை. இதெல்லாம் உனக்குத் தெரிந்து என்ன பிரயோஜனம் என்றுதான் எழுதாமல் இருந்தேன்.

வேறு ஒன்றும் இல்லை. இரண்டே பேர்தான்.

உன் அத்தை,
சரோஜினி


கிழக்குத் தாம்பரம்
19 ஏப்ரல் 2025

அன்புள்ள அத்தைக்கு,

ஸ்தோத்திரம். இன்றைக்கு நலம் விசாரிக்கத் தோன்றவில்லை, மன்னியுங்கள்.

நீங்கள் எழுதி அனுப்பியதை எடுத்துக்கொண்டு நிஷாவோடு இல்லத்துக்குப் போனேன். நிர்வாகி இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்.

"மேடம், நீங்களே கொண்டாந்து குடுத்துட்டீங்க. கொள்ளுத்தாத்தா குடி, தாத்தா குடி, அப்பாவும் குடின்னு இந்தத் தங்கச்சியே சொல்றாங்க. பரம்பரையா வந்துகினு இருக்குது. நாலு மாசம் பத்தாது, ஏழு மாசம் வச்சாத்தான் அறுக்க முடியும். இத்த ஒரு ஜெராக்ஸ் எடுத்து ஃபைல்ல போட்டுக்கறேன்."

"சார், குடிக்கலைன்னு அழுததுன்னு எழுதியிருக்கே," என்றேன்.

"இங்க இருக்கற நாப்பது பேரும் அதான் சொல்லி அழுவுறான்," என்றார்.

நான் நிஷாவைப் பார்த்தேன். "எனக்கு மூக்கு இல்லையாக்கா? நாத்தம் வந்துச்சு. புள்ள ஹர்ஷாவுக்கு எட்டு வயசு, அவன் முன்னாடி விழுந்து கிடந்தாரு. நீங்க தாம்பரத்துல உக்காந்துகிட்டு புத்தகம் பாத்து சொல்றீங்க. நான் கூடப் படுத்து எழுந்தவ," என்று சொல்லிவிட்டு ஏழு மாதத்துக்கான தாளில் கையெழுத்துப் போட்டாள். அவள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஏனென்றால், அத்தை, முதல் தாளில் அவள் கையெழுத்துக்குக் கீழே இருப்பது என் கையெழுத்து. ஜனவரியில் நிஷா சேர்த்தாள் என்று எழுதினேன். நாங்கள் இரண்டு பேரும்தான் சேர்த்தோம். ரத்த உறவு ஒருவர் வேண்டும் என்றார்கள். ஆட்டோவில் அவன் ஒரு பக்கம் கையை நான்தான் பிடித்துக்கொண்டு போனேன். "எங்க போறோம்க்கா?" என்றான். "டாக்டர்கிட்ட," என்றேன். இப்போது என் கையெழுத்தை மட்டும் வாபஸ் வாங்கினால் செல்லாது என்கிறார்கள்.

போன செவ்வாய் குளியலறையில் விழுந்திருக்கிறான். இனி விழாமல் இருக்கக் காலைக் கட்டிலோடு கட்டிவைக்கிறார்கள். நான் பார்த்தபோது கட்டு இருந்தது. கட்டின கால் கட்டுக்குள்ளேயே ஆடிக்கொண்டிருந்தது. இந்த முறை அவன் சிரிப்பாக ஒன்றும் சொல்லவில்லை. பேச்சே குழறுகிறது. நீங்கள் எழுதியதில் அவனுக்கு மூன்று மாதம் கூடியதுதான் மிச்சம்.

இரண்டே பேர்தான் என்றால் அது குடிகாரக் குடும்பம். குடித்திருக்கவே முடியாத இன்னும் யாராவது இருந்தால் மட்டும்தான் வேறு கதை. நன்றாக யோசியுங்கள். இன்னொன்றும் கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். உங்களுக்கு வந்த வரன்களையெல்லாம் நீங்களே தட்டிவிட்டீர்கள் என்று அம்மா சொல்வாள். ஏன் அத்தை?

சுஜி


கிருபாபுரம்
30 ஏப்ரல் 2025

பிரியமான சுஜிக்கு,

தேவ சமாதானம் உன்னோடிருப்பதாக. தினகரன் காலைக் கட்டியிருக்கிறார்கள் என்பதைப் படித்தேன், கடிதத்தை வேதபுத்தகத்துக்குள் வைத்து ஜெபிக்கிறேன். புத்தகத்தில் நான் எழுதினதற்கு மேலே ஒன்றும் இல்லை. வரன் விஷயம் பழைய கதை.

நீ பிப்ரவரியிலிருந்து கடிதங்களை மெஷினில் அடித்தே அனுப்புகிறாய். என் கண் நன்றாகத்தான் இருக்கிறது. ஒரு பக்கமாவது கையால் எழுதி அனுப்பு.

சரோஜினி


கிழக்குத் தாம்பரம்
11 மே 2025

அத்தை,

கேட்டீர்களே, இதோ என் கை. ஒரு பக்கம் எழுத முக்கால் மணி நேரம் ஆகிறது. எழுத்தைப் பார்த்தீர்களா? மின்சார ரயிலில் எழுதவில்லை. சாப்பாட்டு மேசையில், இடது கையால் வலது மணிக்கட்டை அழுத்திக்கொண்டு எழுதுகிறேன்.

தீபாவளிக்கு முன்பு தொடங்கியது. நூலகத்தில் புத்தகத்தை அடுக்கும்போது விரல் தானாக ஒரு புத்தகத்தை வெளியே தள்ளியது. நான் அதை மறுபடி உள்ளே வைத்தேன். மறுபடி தள்ளியது. யாரும் பார்க்கவில்லை. பிறகு வலது கால் கட்டைவிரல். தூங்கும்போது ஒன்றுமில்லை, முழித்ததும் அது எனக்கு முன்னால் முழித்துக்கொள்கிறது. தினகரனை ஆட்டோவில் ஏற்றின அன்று அவன் கையை நான் இறுக்கிப் பிடித்திருந்தேன். அவன் கை ஆடியதா என் கை ஆடியதா என்று எனக்கே தெரியவில்லை. ஒருவேளை அதனால்தான் கையெழுத்துப் போட்டேனோ என்னவோ. அவனைக் குடிகாரன் என்று வைத்துவிட்டால் எனக்கு ஒன்றுமில்லை என்று ஆகிவிடுமே. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. ஓவியாவுக்கும் தெரியாது. இருபத்தொரு வயது அவளுக்கு.

நீங்கள் மறைப்பது எனக்காகத்தான் என்றால் இனி மறைக்க வேண்டியதில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது. அவனைக் கட்டிலிலிருந்து அவிழ்க்க மட்டும் ஏதாவது கொடுங்கள்.

சுஜி


கிருபாபுரம்
19 மே 2025

என் சுஜிக்கு,

உன் கையெழுத்தை மேசையில் விரித்துவைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு கோயிலுக்குப் போனேன். இதோடு இருப்பது பாஸ்டர் ஐயா கையெழுத்தும் சேகர முத்திரையும் வைத்த நகல். இதில் மூன்று பேர் இருக்கிறார்கள்.

"1961, மார்ச் 12. அன்னம்மாள், வயது 38, மேற்படி ஞானமுத்துவின் உடன்பிறந்தவள். ஸ்திரீயாயிருந்தும், ஆராதனையில் முகத்தைக் கோணி, தோள்களைக் குலுக்கி, குடித்தவளைப்போல் நடந்தாள். அவள் ஒருபோதும் மதுவைத் தொட்டதில்லையென்று புருஷன் வேதபுத்தகத்தின்மேல் சத்தியம் பண்ணினான். ஆயினும் பனையேறி வீட்டிலிருந்து அவள் வீட்டுக்குத் தினமும் கலயம் போனதாக ஞானமுத்து மகள் சரோஜினி, வயது 10, சாட்சி சொன்னபடியால் நிறுத்தப்பட்டாள்."

படித்துவிட்டாயா? அந்தப் பிள்ளை நான்தான்.

கமிட்டியார் ஏழு பேர் பெஞ்சில் இருந்தார்கள். அப்பா ஏற்கெனவே வேப்பமரத்தடியில். நடுவில் இருந்த பெரியவர், "ஏ பிள்ளே, பனையேறி வீட்டுக் கலயத்த ஒன் அத்தை வீட்டுக்கு நீதான கொண்டு போவ?" என்று கேட்டார். "ஆமா," என்றேன். அவ்வளவுதான் கேட்டார்கள். கலயத்தில் இருந்தது பதநீர். புளிக்காமல் இருக்கச் சுண்ணாம்பு தடவின கலயம். அத்தையின் பிள்ளைகள் குடிக்க நான் தினமும் காலையில் கொண்டு போவேன், வழியில் நானும் ஒரு வாய் குடிப்பேன். கள்ளா பதநீரா என்று அவர்கள் கேட்கவில்லை. கேட்காததை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. கேட்காததைச் சொல்லக்கூடாது என்றுதானே வளர்த்தார்கள். மாமா அத்தையையும் இரண்டு பெண் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ராத்திரியோடு ராத்திரியாக ஊரை விட்டுப் போய்விட்டார். மூன்று வருஷத்தில் அத்தை போய்விட்டாள் என்று ஒரு கார்டு வந்தது.

எனக்கு இருபத்துநாலு வயசில் முதல் வரன் வந்தபோதே தெரியும், இது குடியில்லை என்று. எங்கள் வீட்டில் யாரும் குடித்து நான் பார்த்ததில்லை. என்னோடு நிற்கட்டும் என்று வேண்டாமென்றேன். ஆனால் உன் அப்பா கல்யாணப் பத்திரிகை அனுப்பினபோது நான் எழுந்து நின்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. தாம்பரத்துக்கு வந்து மேடையில் நின்று, சிரித்த முகமாக உன் அம்மாவுக்கு மாலை எடுத்துக் கொடுத்தேன். ஏசுதாசனுக்கு வராது என்று நினைத்துக்கொண்டேன். நினைப்பதற்குக் காசா பணமா.

ஏப்ரலில் அன்னம்மாள் அத்தையின் பக்கத்தை விட்டுவிட்டு எழுதினேன். பாதி வெட்கம். மீதி, உன் முதல் கடிதத்தின் கடைசிப் பக்கம். பெண்களுக்கும் வரும் என்று என் கையால் உனக்கு எழுதி அனுப்ப மனம் வரவில்லை. அதனால் தினகரனை மூன்று மாதம் கூடுதலாகக் கட்டிவைத்தது நிஷா இல்லை, நான்.

ஓடு. சீக்கிரம் கொண்டுபோய்க் காட்டு.

சரோஜினி


கிழக்குத் தாம்பரம்
6 ஜூலை 2025

அன்புள்ள அத்தைக்கு,

ஸ்தோத்திரம். ஆறு வாரமாக எழுதவில்லை. கோபம் என்று நினைத்திருப்பீர்கள். முதல் வாரம் கோபம்தான். பிறகு நேரமில்லை. இதை ஓவியா அடிக்கிறாள், நான் சொல்லச் சொல்ல. ஆகவே அவளிடம் சொல்லியாகிவிட்டது என்று புரிந்திருக்கும்.

நகலை நிர்வாகியிடம் கொண்டுபோகவில்லை. அஸ்தினாபுரத்தில் நிஷா அம்மா வீட்டுக்குப் போய் அவள் கையில் கொடுத்தேன். படித்துவிட்டு, "இந்தம்மா குடிக்கலையா?" என்றாள். "பதநீர்," என்றேன். இன்னொரு முறை படித்தாள். "புருஷன் பைபிள் மேல சத்தியம் பண்ணியிருக்காரு பாருங்கக்கா. நான் என் புருஷனுக்கு எதிரா கையெழுத்துப் போட்டேன்," என்றாள். அன்று மாலையே ஆட்டோ பிடித்து இல்லத்துக்குப் போய், இரண்டு கையெழுத்தையும் வாபஸ் வாங்கி அவனை அழைத்து வந்தோம்.

பரிசோதனை முடிவு வர மூன்று வாரம் ஆனது. அதே வியாதிதான். ஹண்டிங்டன் என்று பெயர் சொன்னார்கள். குணமாக்க மருந்து இல்லை. ஆட்டத்தைக் கொஞ்சம் தணிக்க மாத்திரை இருக்கிறது. பெற்றவருக்கு இருந்தால் பிள்ளைக்கு இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பு. டாக்டர் இதைச் சொன்னபோது நிஷா ஹர்ஷாவின் காதைப் பொத்தினாள். அவனுக்கு எட்டு வயதுதான், புரிந்திருக்காது. ஆனால் காதைப் பொத்தினது புரிந்திருக்கும். வெளியே வந்து ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்து, "கால கட்டிட்டாங்கன்னு சொன்னப்ப நல்லா வேணும்னு நெனச்சேன்க்கா," என்று சொல்லிச் சொல்லி அழுதாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். நானும் அந்தத் தாளில் இருக்கிறேன்.

தினகரன் வீட்டில் இருக்கிறான். கணுக்காலில் கட்டின தழும்பு இருக்கிறது. பேச்சு இன்னும் முழுசாகத் தெளியவில்லை. நீங்கள் அனுப்பிய நகலை அவனிடம் படித்துக் காட்டினேன். வேதமாணிக்கம், ஞானமுத்து, அன்னம்மாள். கேட்டுவிட்டு என் பக்கம் தலையைத் திருப்பினான். பிறகு ஒவ்வொரு வார்த்தையாக, "அப்போ... நம்ம பரம்பரையில... நெஜமாவே குடிச்சவன்... நான் ஒருத்தன்தானா?" என்றான். டிசம்பருக்குப் பிறகு நாங்கள் சேர்ந்து சிரித்தது அன்றுதான். சிரித்து முடிந்ததும் அவனைத் தூக்கி உட்காரவைக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது.

எனக்கு வரும் வியாழக்கிழமை ரத்தம் எடுக்கிறார்கள். முடிவு என்னவென்று எனக்குத் தெரியும், ஆனாலும் தாளில் வர வேண்டும். ஓவியாவிடம் சொன்னபோது, "எவ்ளோ நாளா தெரியும்மா?" என்றாள். "அக்டோபர்ல இருந்து," என்றேன். நான்கு நாள் என்னோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, "எனக்கு டெஸ்ட் எடுக்கணுமா வேணாமான்னு நான் முடிவு பண்ணுவேன். நீ எனக்காக எதையும் மறைக்காத. அதுக்கு நம்ம வீட்ல ஆளுங்க போதும்," என்றாள். இதையும் அவளே அடிக்கிறாள். அடித்துவிட்டு, சரியாக இருக்கிறதா என்று கேட்கிறாள்.

உங்கள் மேல் எனக்கு இப்போது என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. பத்து வயதுப் பிள்ளையின் மேல் ஒன்றுமில்லை. மாலை எடுத்துக் கொடுத்தவளின் மேல் இருக்கிறது. ஆனால் நீங்கள் அன்று எழுந்து நின்றிருந்தால் நானும் இல்லை, ஓவியாவும் இல்லை. இதை எந்தப் பக்கத்தில் வைப்பது என்று விளங்காமல் விட்டுவிட்டேன்.

ஒரு வேலை இருக்கிறது உங்களுக்கு. அன்னம்மாளின் இரண்டு பெண்களும் நம் கோயிலில்தானே ஞானஸ்நானம் பெற்றிருப்பார்கள்? பதிவேட்டில் அவர்கள் பெயரும் தகப்பனாரின் சொந்த ஊரும் இருக்கும். மறுபடி உட்கார்ந்து தேடுங்கள். அந்த ஊர்க் கோயிலுக்கு நான் எழுதுகிறேன். அங்கே கல்யாணப் பதிவு இருந்தால் அடுத்த ஊர் தெரியும். முழங்கால் வலி என்று விட்டுவிடாதீர்கள். அவர்களில் ஒருத்தி இப்போது எழுபது வயதுக்காரியாக எங்கேயோ இருப்பாள். மகனைக் குடிகாரன் என்று ஒரு இடத்தில் கட்டிவைத்துவிட்டு, வீட்டுக்கு வந்து, அவன் குணமாக வேண்டும் என்று முழங்காலில் நிற்பாள்.

அன்புடன்,
சுஜி